கடைசிக் கம்பத்து வீடு

உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாமுங்க, அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் சுத்தாதுங்க. கரண்ட் இல்லை. லைன்மேன் கம்பத்துல இருந்து எறங்குனாத்தான் வரும். வந்தாத்தான் மாடியில இருக்கற சோலார் பேனலும் ஓடும். நீங்க பாவம், ஓடறதைப் பாத்துட்டுப் போயி உங்க மில்லுக்கும் போடலாம்னு வெள்ளகோவில்ல இருந்து வந்திருக்கறீங்க. நேரம் இப்புடி அமைஞ்சு போச்சு. மோர் கொண்டாரச் சொல்றேன், குடிங்க.

பேனல் கம்பெனிக்காரன் வாங்க வர்ற ஆளுகளையெல்லாம் என்ற ஊட்டுக்குத்தான் தாட்டி உடறான். நாச்சிமுத்து அண்ணன் ஊட்டப் போயிப் பாருங்க, நல்லா சொல்லுவாருன்னு. நானும் வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் ஓஞ்சு போச்சு. ஆனா ஒருத்தராவது எத்தனை யூனிட் வருதுன்னு மொதல்ல கேக்கறதில்லைங்க. எல்லாரும் நீங்க கேட்டதத்தான் கேக்கறாங்க. அந்தச் சுவத்துல இருக்கற செகப்புப் பொட்டிக்கு என்னத்துக்கு அத்தாசோட்டுப் பெரிய பூட்டுன்னு.

பூட்டு என்னுது இல்லீங்க. பொட்டி என்னுது, சுவரு என்னுது, மேல இருக்கற பேனல் என்னுது. பூட்டு மட்டும் லைன்மேன் திருமூர்த்தியுது. சாவி அவன் அரணாக்கயித்துல இருக்குது. நான் காசு போட்டு வாங்குன பொட்டிய நானே தொறக்கோணும்னா இன்னொருத்தன் கம்பத்துல இருந்து எறங்கி வரோணும். எப்புடி இருக்குது பாருங்க ஞாயம்.

யாரு, அந்தப் பொட்டிக்குக் கீழ உக்காந்திருக்கற பொம்பளையக் கேக்கறீங்களா? அதைய விடுங்க. அது அப்புடித்தான் உக்காந்திருக்கும். நாம பேசறதைப் பேசுவோம்.

இது நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கற எடமுங்க. பின்னால கேக்குதா ஜெனரேட்டர் சத்தம்? பொரிக்கற ரூமுக்கு மட்டும் அது தனியா ஓடுது. இன்னைக்குப் பொரிப்பு. குஞ்சு பொரிக்கறதுக்குக் கரண்ட்டுத்தான் தாய்க்கோழி. முட்டையாவது சித்த நேரம் தாங்கும். ஓட்டைவிட்டு வெளிய வந்த குஞ்சு தாங்காதுங்க. உள்ள ஃபேன் நின்னுதுன்னா மூச்சு முட்டி, தட்டுத் தட்டாச் சாஞ்சு போகும். அதைய ஒருக்காப் பாத்துட்டா அப்புறம் சோறு எறங்காது. எனக்கு அப்புடி ஆயிருக்குது, ரெண்டு மூணு தடவை. கூடையில அள்ளிக் கொண்டுபோயிக் குழி தோண்டிப் பொதைச்சனுங்க. எங்கூட்டுக்காரி சரசு அன்னைக்கு அடுப்பே பத்த வெக்கலை.

எங்குளுது கடைசிக் கம்பமுங்க. டிரான்ஸ்பாரம் அங்க ஊருக்குள்ள இருக்குது. அங்கிருந்து காட்டு வழியா லைன் வந்து, என்ற ஊட்டோட முடிஞ்சு போகுது. எங்களுக்கு அக்கட்டால வெறும் மானாவாரிக் காடு. வழியில எந்தக் கம்பத்துல எது ஆனாலும் இருட்டு எங்களுக்குத்தான். ஆடி மாசம் வந்துட்டாக் கேக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிச்சுதுன்னா கம்பியும் கம்பியும் ஒரசித் தீப்பொறி பறக்கும். அந்தக் காத்துலதான் சுத்துக்காட்டுல இருக்கற காத்தாடியெல்லாம் சுத்தோ சுத்துன்னு சுத்தி ஊரு ஒலகத்துக்கெல்லாம் கரண்ட் போகுது. அதுக்கு அடியில குடியிருக்கற எனக்குக் கரண்ட் இல்லை.

அதுக்குத்தாங்க பேனல் போட்டேன். போட்ட அன்னைக்குக் கரண்டாபீஸ்ல இருந்து எஞ்சினீயரு வந்தாரு. சின்ன வயசுப் பையன், நல்ல மாதிரி. கையெழுத்து வாங்கீட்டு, இனிமே நீங்க வெறும் கரண்ட் வாங்கற ஆள் இல்லீங்க ஐயா, நீங்களும் உற்பத்தி பண்றவரு, பெரிய காத்தாடிக்காரங்களுக்கு என்ன உரிமையோ அதுல கொஞ்சம் உங்களுக்கும் உண்டு, என்ன கடமையோ அதுவும் உண்டுன்னாரு. எனக்கு உரிமைங்கறது நல்லாக் காதுல விழுந்துது. நெஞ்சு நிமுந்துதுங்க, பொய் சொல்லக்கூடாது. இத்தனை வருசம் கரண்ட் கேட்டு அவங்க வாசல்ல நின்ன ஆளு நான். இப்ப நான் கரண்ட் குடுக்கறேன், அவங்க வாங்கறாங்க.

கடமையும் சொன்னாருதான். லைன்ல கரண்ட் போனா உங்க பேனலும் தானா நின்னுரும், அதை மாத்தக்கூடாது. கம்பத்துல வேலை பாக்கற ஆளு ஏறி நிக்கறப்ப உங்க கூரையில இருந்து கம்பிக்குக் கரண்ட் பாஞ்சுதுன்னா அவன் செத்தான். அதுக்குத்தான் இந்தச் செகப்புப் பொட்டி. இதுல இருக்கற கைப்பிடிய எறக்கீட்டா ஊட்டுக்கும் கம்பத்துக்கும் தொடுப்பே இல்லை. லைன்மேன் வந்து இதை எறக்கி, அவன் பூட்டைப் போட்டு, சாவியை எடுத்துக்கிட்டுத்தான் ஏறோணும். இதெல்லாம் சொன்னாரு. நான் தலையாட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் உச்சி வெய்யில்ல கரண்ட் போச்சுதுங்க. மேல பேனல்மேல கை வெச்சாக் கொப்புளம் வந்துரும், அத்தனை வெய்யில். கீழ ஒரு பல்பு எரியலை. பேனல் கம்முனு கெடக்குது. எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. சோத்துப் பானைய மடியில வெச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கற மாதிரி. நேரா ஆபீசுக்குப் போயி அந்த எஞ்சினீயருகிட்டச் சண்டை போட்டேன். என்ற கரண்ட்ட நான் பயன்படுத்தறதுக்கு உங்க கரண்ட் இருக்கோணுமா, இது என்ன சட்டமுன்னு கேட்டேன். அவரு மறுக்கா மொதல்ல இருந்து சொன்னாரு. கம்பத்துல நிக்கற ஆளு, உசுரு, அது இதுன்னு. அது சரிதானுங்க. நான் இல்லைங்கலை. ஆனா கம்பத்துல எந்நேரமுமா ஆளு நிக்கறான்?

திருமூர்த்தியப் பத்திச் சொல்லோணும். அவன் எங்க ஊர்க்காரன். லைன்மேனா வந்த நாள்ல இருந்து என்னை அண்ணான்னுதான் கூப்புடுவான். இந்தப் பக்கம் லைன் வேலைன்னா நம்ம ஊட்டுல ஒரு சொம்பு மோர் குடிக்காமப் போகமாட்டான். அவன் புள்ளை காதுகுத்துக்குப் பந்தல்ல நான்தான் முன்னால நின்னேன். அப்பேர்ப்பட்டவன். அவன் இந்தப் பொட்டியை ஒரு நாளும் பூட்டுனதில்லைங்க. கம்பத்துக்கிட்ட வந்து நின்னுட்டு போன் போடுவான். அண்ணா, பொட்டிய எறக்கீட்டீங்களாம்பான். எறக்கியாச்சு, ஏறு கண்ணும்பேன். அவ்வளவுதான். ஏறீருவான்.

ஏன்டா பூட்டலைன்னு யாரோ கேட்டதுக்கு, அண்ணன் எறக்கீட்டேன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் போயிப் பூட்டைப் போட்டா அவரு பேச்சை நம்பலைன்னு ஆகாதான்னு சொல்லியிருக்கறான். மரியாதை தெரிஞ்சவன். எனக்கு அது பெருமையாத்தான் இருந்துது.

நானும் ஒண்ணு சொல்றேன், மறைக்கறதுக்கு என்ன இருக்குது. பாதி நாள் நான் எந்திரிச்சுப் போயிப் பொட்டிய எறக்கறதில்லைங்க. லைன் போனா பேனல் தானாத் தூங்கீருதே, எறக்குனா என்ன, எறக்காட்டி என்ன? குஞ்சுத் தட்டுல கை வெச்சிருப்பேன், போன் வரும், எறக்கியாச்சும்பேன். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லை. அதுல தப்பொண்ணும் இல்லீங்களே.

போன ஆடிக்கு முந்தின ஆடி. காத்துன்னாக் காத்து. தெனமும் லைன் கட்டு. பெரிய ஜெனரேட்டர் வெச்சு ஓட்டுனா டீசல் ஊத்தி மாளாது. அப்பத்தான் ஒரு வயர்மேன் வந்தான். சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு போட்டாப் போதும், பேனல் அதையே லைன் கரண்ட்னு நெனச்சு முழிச்சுக்கும், அப்புறம் எல்லாம் பேனலே ஓட்டும்னான். எத்தனை சுளுவு பாருங்க. ஆனா பொட்டிய எறக்கீட்டுத்தான் ஜெனரேட்டரைப் போடோணும்னு சொன்னான். லைனும் ஜெனரேட்டரும் ஒண்ணாச் சேராத மாதிரி ஒரு சுவிட்ச் இருக்குதாம், அதை மாட்டீட்டா மறந்தாலும் வெசனமில்லை, கோயமுத்தூர்ல இருந்து வரோணும், அதுவரைக்கும் பொறுங்கன்னான். எனக்கு அடுத்த வாரம் பொரிப்பு. குஞ்சு பொறுக்குமா? இருக்கறதை வெச்சு மாட்டுன்னு சொன்னேன். மாட்டிக் குடுத்தான். ஆபீசுக்கு எதுக்குச் சொல்லோணும், சொன்னா விடவா போறாங்க.

பொரிப்பு அன்னைக்குப் பொழுது கெளம்பறப்பவே காத்து. வேப்பமரத்துக் கெளை ஒடிஞ்சு, எங்க கம்பத்துக்கும் முந்துன கம்பத்துக்கும் நடுவுல கம்பி அந்து போச்சு. குஞ்செல்லாம் அப்பத்தான் ஓட்டை விட்டு வருது. நான் ஓடிப்போயி ஜெனரேட்டரைப் போட்டேன். பேனல் முழிச்சுக்கிச்சுங்க. உள்ள ஃபேன் சுத்துது. சரசு கையெடுத்துக் கும்பிட்டா. ஆயுசுக்கும் மறக்காது அது. ஊரு பூராக் கரண்ட் இல்லை, என்ற ஊட்டுல மட்டும் இருக்குது, அதும் என்ற சொந்தக் கரண்ட்.

அப்பப் பாத்துப் போன் அடிக்குது. ரெண்டு கையிலும் குஞ்சுத் தட்டு. தோள்ல போனை இடுக்கிக்கிட்டுப் பேசறேன்.

"அண்ணா, பொட்டிய எறக்கீட்டீங்களா?"

"எறக்கியாச்சு, ஏறு கண்ணு."

வாய்ப் பழக்கமுங்க. வேற ஒண்ணுமில்லை. எத்தனை வருசப் பழக்கம், வாய் அதும்பாட்டுக்குச் சொல்லீருது. அவனும் டிரான்ஸ்பாரத்துல ஃபீஸ் கட்டையப் புடுங்கீட்டுத்தான் வந்திருக்கறான். அங்கிருந்து வர்ற கரண்ட்டை நிறுத்தியாச்சு. அவனுக்கென்ன தெரியும், அன்னைக்குக் கரண்ட் இந்தப் பக்கமிருந்து வரும்னு.

சத்தம் கேட்டு ஓடுனனுங்க. கம்பத்துக்கு அடியில மண்ணுல கெடந்தான். எடது கை கருகிப் போயிருந்துது. கண்ணு மட்டும் என்னையே பாக்குது. நான்தாங்க தூக்குனேன். என்ற வண்டியில போட்டு நானே தாராபுரத்துக்கு ஓட்டிட்டுப் போனேன், அங்கிருந்து கோயமுத்தூருக்கும் கூடவே போனேன். ஆஸ்பத்திரியில அவன் சம்சாரம் வசந்தாமணி வந்து நின்னப்ப, ஒண்ணும் பயமில்லை அம்மிணி, நான் இருக்கறேன்னு சொன்னேன். அவ என்னையத் தாண்டி அவன்கிட்டப் போயிட்டா. உசுருக்கு ஒண்ணும் ஆகலைங்க. ரெண்டு விரல்தான் போச்சு. மத்த விரல் சரியா மடங்கறதில்லை. அந்த ஒசரத்துல இருந்து விழுந்து பொழைக்கறதே பெரிசுன்னு டாக்டரே சொன்னாரு.

திரும்பி வர்றப்ப எனக்கு ஒரே வெசனம், குஞ்சு என்ன ஆச்சோன்னு. வந்து பாத்தா அத்தனையும் உசுரோட இருக்குது. சரசு பக்கத்துலயே நின்னு பாத்திருக்கறா. ஒரு குஞ்சு சாகலைங்க.

அப்புறம் விசாரணை. பெரிய ஆபீசருக வந்தாங்க. பொட்டியப் பாத்தாங்க, ஜெனரேட்டரைப் பாத்தாங்க. கேஸ் போட்டா நான் உள்ள போகோணும், கோழிப் பண்ணை போச்சு, எல்லாம் போச்சு. அவங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயித் திருமூர்த்தியக் கேட்டிருக்கறாங்க. அவன் என்ன சொன்னான்னு அந்த எஞ்சினீயருப் பையன்தான் எனக்கு வந்து சொன்னாரு. பொட்டியப் பூட்டாம ஏறுனது என்ற தப்புத்தானுங்க, அண்ணனுகிட்ட நான் போன்ல கேக்கவே இல்லீங்கன்னு சொல்லியிருக்கறான். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கறான். பொழைச்சிருந்த கையில.

அவனே ஒத்துக்கிட்டான் பாருங்க. தப்பு யாரு மேலன்னு அவனே சொல்லீட்டான். அப்புறம் ஊருக்குள்ள நாலு பேரு என்னைய ஒரு மாதிரி பாக்கறதுல என்ன ஞாயம்? என்ற பேனலை ஆறு மாசம் நிறுத்தி வெச்சாங்க, ஜெனரேட்டரைப் பேனல்ல இருந்து பிரிக்கச் சொன்னாங்க, அந்தக் கோயமுத்தூர் சுவிட்ச்சை மாட்டச் சொன்னாங்க, மாட்டிக் குடுத்துட்டேன். அவனுக்கு மெமோ குடுத்து, வர வேண்டிய சம்பள உயர்வை நிறுத்தீட்டாங்கன்னு கேள்வி. விதிய மீறுனான்னு. நான்கூட எஞ்சினீயருகிட்டச் சொன்னேன், பாவம் புள்ளைகுட்டிக்காரன், பாத்துச் செய்யுங்கன்னு. அவரு ஃபைலை மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்க பேசறப்ப நிக்கோணும்னு தெரியறதில்லை.

ஆளு பத்தலைன்னு திருமூர்த்தியவே மறுக்கா இந்த லைனுக்குப் போட்டிருக்கறாங்க. அந்தக் கைய வெச்சுக்கிட்டு இன்னமும் ஏறறான். அங்க தெரியுதுங்களா, கம்பத்து உச்சியில? ஒரு கையில கொக்கி போட்டு, இன்னொரு கைய ஒடம்போட ஒட்ட வெச்சுக்கிட்டு? அவன்தான்.

வேலைக்குத் திரும்புன மொத நாள் அவன் வண்டிச் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்துட்டேன். சரசுகிட்டச் சொல்லி மோரெல்லாம் கலக்கி வெச்சிருந்தேன். அவன் ஊட்டுக்குள்ள வரலைங்க. நேராப் பொட்டிக்குப் போனான், எறக்குனான், பையில இருந்து அந்தப் பூட்டை எடுத்துப் போட்டான், ஒருக்கா இழுத்துப் பாத்தான். திருமூர்த்தின்னு கூப்புட்டேன். ஏனுங்கன்னான். அண்ணாங்கலை. வேலையிருக்குதுங்கன்னு போயிட்டான். மோரு அப்புடியே இருந்துது.

அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் அதே கதைதான். வருவான், பூட்டுவான், ஏறுவான், எறங்குவான், தொறப்பான், போயிருவான். சட்டப்படி சரிதான். எல்லாம் சட்டப்படிதான் நடக்குது. எனக்குத்தான் என்னமோ அலுப்பா இருக்குதுங்க. சாப்பாடு ருசிக்கறதில்லை. பேனல் போட்டப்ப இருந்த அந்த நெனப்பெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. இப்பத் தெனமும் எத்தனை கரண்ட் உற்பத்தி ஆகுதுன்னுகூட நான் பாக்கறதில்லை.

இந்தப் போனுங்களா? நானும் பாக்கறேன், நீங்க வந்ததுல இருந்து இதையே பாக்கறீங்க. ஒண்ணுமில்லீங்க. அவன் கம்பத்துக்கிட்டப் போனா, இது என்ற கைக்கு வந்துருது. ஏறறதுக்கு முன்னால கூப்புடுவானில்லீங்க, அந்தப் பழக்கம். அடிக்காதுன்னு தெரியும். கீழ வெக்க மனசு வரமாட்டேங்குது.

மறுக்கா அங்கியே பாக்கறீங்க. சரி, சொல்லீர்றேன். அவதான் வசந்தாமணி. அவன் சம்சாரம். இந்தக் கம்பத்துல அவன் ஏறறான்னா, எத்தனை வேலை இருந்தாலும் போட்டுட்டு அவன் வண்டியில பின்னால உக்காந்து வந்துருவா. அவன் பூட்டீட்டு அக்கட்டாலப் போனதும், அந்தப் பொட்டிக்கு நேர் கீழ, மாடிப்படிக்குப் பக்கத்துல, சுவத்துல சாஞ்சு உக்காந்துக்குவா. வேற எந்தக் கம்பத்துக்கும் போறதில்லையாம். என்ற கம்பத்துக்கு மட்டும்தான். சரசு சேரு போட்டுப் பாத்தா, தண்ணி குடுத்துப் பாத்தா. வேண்டாமுங்கக்கான்னுடுவா. மொகத்தைக் காட்டறதில்லை, சண்டையும் இல்லை. வெறுமனே உக்காந்திருப்பா, கம்பத்தைப் பாத்துக்கிட்டு.

எனக்குப் பொறுக்கலைங்க. ஒரு நாள் கேட்டே போட்டேன். ஏன் அம்மிணி, அதுதான் பூட்டுப் போட்டிருக்குது, சாவியும் அவன் இடுப்புல இருக்குது, யாரு நெனச்சாலும் தொறக்க முடியாது, நீ எதுக்கு இந்த வெய்யில்ல வந்து உக்காந்து என்ற மானத்தை வாங்கறேன்னு.

அவ நிமுந்துகூடப் பாக்கலைங்க. "பூட்டு பொட்டிக்குத்தானுங்க போட்டிருக்குது" அப்புடின்னா. அவ்வளவுதான். மறுக்கா கம்பத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

என்ன அர்த்தத்துல சொன்னாளோ. படிக்காத பொம்பளை, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்றா. அதையப் போயி நான் யோசிச்சுக்கிட்டா இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்க. அவனே தப்பு அவனுதுன்னு எழுதிக் குடுத்திருக்கறப்ப, இவளுக்கு என்ன தெரியும்?

என்னங்க, டம்ளரு அப்புடியே இருக்குது. மோரு குடிங்க. சூடாயிப் போச்சா? வேற கொண்டாரச் சொல்லட்டுமா?

அதா, எறங்கீட்டான் பாருங்க. வர்றான். பொட்டியத் தொறக்கறான். சத்தம் கேட்டுதுங்களா? ஃபேன் சுத்துது. அவ்வளவுதாங்க, கரண்ட் வந்துருச்சு. இனிப் பேனலும் முழிச்சுக்கும்.

இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. மாடிப்படி அங்கதான் இருக்குது, அவளைத் தாண்டித்தான் ஏறோணும். அவன் வண்டிய எடுத்ததும் அவ எந்திரிச்சுப் போயிருவா. அதுவரைக்கும் உக்காந்திருப்போம். என்ற ஊடுதான், இருந்தாலும் சித்த நேரம் உக்காருங்க.